மெய்யியல் முடியும் இடமும் மார்க்கம் தொடங்கும் இடமும்: ‘ஹைய் இப்னு யக்ழான்’ – ஒரு மறுவாசிப்பு

ஒரு சிந்தனைத் தொகுதியை மதம் என்று கொள்வதா, மெய்யியல் என்று கொள்வதா என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல் யாது? இவ்வினா மிகப் பழையது. இதற்கு வழமையாகத் தரப்படும் விடைகளோ சிறிது தூரம் சென்றதும் தடுமாறத் தொடங்கிவிடுகின்றன.

இறைவனை ஏற்பது மதம், ஏற்காதது மெய்யியல் என்பது முதலாவது விடை. அரிஸ்டோட்டிலின் மெய்யியலில் தான் இயங்காது அனைத்தையும் இயக்கும் ஓர் இறைவன் உண்டு. எனினும் அவ்விறைவனிடம் கையேந்துமாறு அரிஸ்டோட்டில் எவரையும் பணிக்கவில்லை. பணித்திருந்தாலும் பயன் விளைந்திராது. தன்னையே சிந்தித்துக்கொண்டிருக்கும் அவ்விறைவன் கையேந்துபவனை அறியான். மறுபுறம், படைப்பாளன் ஒருவனைப் பற்றிப் பேசாத பௌத்தம், விகாரைகளோடும் பிக்குகளோடும் போயா தின அனுஷ்டானங்களோடும் மதமாகவே வாழ்ந்து வருகின்றது. மரணத்தின் பின்னரான வாழ்வை நம்புவதே மதம் என்பது இரண்டாவது விடை. சோக்ரடீஸின் இறுதி நாளைச் சித்திரிக்கும் பிளேட்டோவின் ‘பைடோ’ முழுவதும் ஆன்மாவின் அழியாமையைப் பற்றியே பேசுகின்றது. அதனை எவரும் வேதநூலாகக் கொள்வதில்லை.

மூன்றாவது விடை சற்று வலுவானது. மெய்யியல் சிந்திப்பதோடு நின்றுவிடுகின்றது, மதம் செயலில் இறங்குகின்றது என்பது அது. ஆனால் பண்டைய கிரேக்க, உரோம மெய்யியல் ஒரு வாழ்க்கை முறையாகவும் ஆன்மப் பயிற்சியாகவும் விளங்கியது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பியேர் ஹாதோ (1922–2010) விரிவாக நிறுவியுள்ளார். ஸ்டோயிக் சிந்தனையாளரான செனெக்கா ஒவ்வோர் இரவும் தன் பகற்பொழுதைத் தானே விசாரணை செய்தார். பிதாகரஸின் சீடர்களுக்கு உணவு விலக்குகள் இருந்தன. எபிகூரஸைப் பின்பற்றியோர் மாதந்தோறும் இருபதாம் நாளில் ஒன்றுகூடித் தம் ஆசானை நினைவுகூர்ந்தனர். எனவே செயலும் பயிற்சியும் மதத்துக்கு மட்டும் உரியவையல்ல.

நமது மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் ஒரு வாக்கியம் ஈண்டு நினைவுக்கு வருகின்றது: இஸ்லாம் ஒரு மதமன்று, அது ஒரு மார்க்கம். கேட்போர் தலையசைக்கின்றனர்; பேசுவோரும் மேலே சென்றுவிடுகின்றனர். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு விளக்கப்படுவது அரிது. விளக்கப்படும் வேளைகளிலும், மார்க்கம் என்பது பகுத்தறிவுக்கு முற்றிலும் இசைந்த ஒரு வாழ்க்கைத் தத்துவம் என்பதோடு விளக்கம் முற்றுப்பெறுகின்றது. அவ்வாறாயின் மார்க்கம் என்பது மெய்யியலுக்கு நாம் இட்ட மற்றொரு பெயராகவே எஞ்சும். இச்சிக்கலை எண்ணூறு ஆண்டுகளுக்கும் முன்னர் அந்தலூஸில் ஒருவர் கதை வடிவில் நேருக்கு நேர் சந்தித்தார். அவர் கண்ட விடையை விடவும், அவர் கண்டும் கடந்துபோன ஓர் இடமே நமது கவனத்துக்குரியது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

அபூபக்ர் இப்னு துபைல் கிரனாடாவுக்கு அண்மையிலுள்ள வாதீ ஆஷைச் சேர்ந்தவர். முவஹ்ஹிதூன் ஆட்சியாளர் அபூ யஃகூப் யூஸுஃபின் (ஆட்சிக்காலம் 1163–1184) அரசவை மருத்துவராகப் பணியாற்றினார். இப்னு ருஷ்தை அவ்வாட்சியாளருக்கு அறிமுகம் செய்துவைத்தவரும் இவரே. 1185இல் மர்ராகுஷில் காலமானார். இவரது பெயரை நிலைநிறுத்தியிருப்பது ‘ஹைய் இப்னு யக்ழான்’ என்ற ஒரு சிறு நூலாகும். ‘விழித்திருப்பவனின் மகனாகிய உயிருள்ளவன்’ என்பது அதன் பொருள். கதைமாந்தரின் பெயர்களை அவர் இப்னு ஸீனாவிடமிருந்து பெற்றார், கதையோ அவருடையது. இளைய எட்வர்ட் பொகொக்கின் இலத்தீன் மொழிபெயர்ப்பு 1671இல் ஒக்ஸ்ஃபோர்டில் வெளிவந்தது. சைமன் ஒக்லி 1708இல் அதனை அரபியிலிருந்து நேரடியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 1719இல் வெளியான ‘ராபின்சன் குரூசோ’ இந்நூலுக்குக் கடன்பட்டதா என்ற ஆராய்ச்சியில் நம்மவர்கள் காட்டும் ஆர்வம் அளவிறந்தது. நாம் முந்திவிட்டோம் என்ற பெருமிதத்துக்கு அது உதவக்கூடும். நூலைப் புரிந்துகொள்ள அது உதவுவதில்லை.

நூலின் பின்னணியில் நிற்பது அல்-பாராபியின் (மறைவு 950) ஒரு கோட்பாடாகும். மெய்யியலாளன் ஆதாரபூர்வமான நிறுவல்கள் மூலம் அறியும் அதே உண்மைகளையே மார்க்கம் உருவகங்கள் மூலமும் உவமைகள் மூலமும் பொதுமக்களுக்கு எடுத்துரைக்கின்றது என்பது அவரது நிலைப்பாடு. இதன்படி மெய்யியல் மூலம். மார்க்கம் அதன் சாயல். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு உண்மையைச் சார்ந்ததன்று. கேட்போரின் தகுதியைச் சார்ந்தது. இக்கோட்பாட்டைச் சோதித்துப் பார்ப்பதற்கு இப்னு துபைலின் கதையை விடப் பொருத்தமான களம் வேறில்லை. எந்தச் சமூகமும் எந்த வேதமும் தீண்டாத ஒரு மனிதன் தன் அறிவொன்றினால் உண்மையின் உச்சியை அடைந்துவிடுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். பின்னர் அவன் ஒரு மார்க்கத்தைச் சந்திக்கின்றான். அப்போது அவனுக்குப் புதிதாகக் கிடைப்பது ஏதேனும் உண்டா? ஒன்றுமில்லையெனின் பாராபி வென்றார்.

கதை நிகழுமிடம் நிலநடுக்கோட்டின் கீழுள்ள இந்தியத் தீவுகளுள் ஒன்று என்கிறார் ஆசிரியர். நமது கடற்பரப்புக்கு அயலிலேயே அவரது கற்பனை நங்கூரமிட்டது ஒரு சுவையான செய்தி. தனித்து விடப்பட்ட குழந்தையை ஒரு மான் பாலூட்டி வளர்க்கின்றது. மான் இறந்தபோது, அதனை இயக்கிக்கொண்டிருந்தது எது, அது எங்கே போயிற்று என்று அறியத் துடித்த சிறுவன் அதன் நெஞ்சைப் பிளந்து இதயத்தை ஆராய்கின்றான். தேடியது உடலில் இல்லை என்று உணர்ந்ததும், காகமொன்று மற்றொரு காகத்தை மண்ணில் புதைப்பதைக் கண்டு, தன் வளர்ப்புத் தாயை அடக்கம் செய்கின்றான். ஸூரா அல்-மாயிதாவை ஓதியவர்களுக்கு இக்காகம் புதியதன்று. ஏழேழு ஆண்டுகளாக நகரும் அவனது வாழ்வில் நெருப்பு, உடை, உறைவிடம், உயிரினங்களின் வகைகள், வானுலகின் அமைப்பு ஆகிய அனைத்தும் ஆய்வுக்குட்படுகின்றன. உலகம் தொடக்கமற்றதா, தோற்றுவிக்கப்பட்டதா என்ற வினாவில் அவன் பல ஆண்டுகள் தடுமாறுகின்றான். இறுதியில், இரண்டில் எதைக் கொண்டாலும் உடலற்ற ஒரு படைப்பாளனிடமே போய்ச் சேர வேண்டியிருக்கின்றது என்று கண்டு அமைதியடைகின்றான்.

இதுவரை எல்லாம் மெய்யியலே. அடுத்து வருவதுதான் நமது வினாவை நேரடியாகத் தொடுகின்றது. தான் கண்டறிந்த உண்மைக்கு ஏற்ப வாழ விரும்பிய ஹைய், தனக்கென்று சில ஒழுங்குகளை வகுத்துக்கொள்கின்றான். வானுலகப் பொருட்களைப் பின்பற்றுவது அவற்றுள் ஒன்று. அவை தூய்மையானவை, ஆதலால் அவன் தன் உடலையும் உடையையும் இடையறாது தூய்மை செய்து நறுமணம் பூசிக்கொள்கின்றான். அவை கீழுலகுக்கு நலம் செய்கின்றன. ஆதலால் நிழலில் வாடும் செடிக்கு வெயில் கிடைக்க வழி செய்கின்றான், தாகித்த விலங்குக்கு நீர் தருகின்றான். அவை வட்டமாகச் சுழல்கின்றன. ஆதலால் ஒருவேளை தீவின் கரையோரமாக அதனைச் சுற்றி வருகின்றான், ஒருவேளை தன் குடிலையோ ஒரு பாறையையோ பலமுறை சுற்றுகின்றான், நடந்தும் விரைந்தும். உணவிலும் கடுமையான அளவு வைத்துக்கொள்கின்றான். பின்னர் குகையினுள் கண்களை மூடி நாட்கணக்கில் தியானத்தில் ஆழ்கின்றான்.

வுழூ, தர்மம், தவாஃப், நோன்பு, இஃதிகாஃப் என அனைத்தின் சாயலும் இதிலே தெரிகின்றது. ஆசிரியர் திட்டமிட்டே இவ்வாறு அமைத்திருக்கின்றார். பாராபியின் கோட்பாடு இங்கு தலைகீழாக வேலை செய்கின்றது: மார்க்கம் மெய்யியலின் சாயலாக இருப்பதற்கு மாறாக, மெய்யியலாளன் தன்னை அறியாமலேயே மார்க்கத்தின் சாயலை வரைந்துகொண்டிருக்கின்றான். அப்படியானால், பாறையைச் சுற்றும் ஹைய்யுக்கும் கஃபாவைச் சுற்றும் ஒரு முதிய விவசாயிக்கும் இடையில் என்ன வேறுபாடு? அசைவு ஒன்றே. எண்ணமும் பெரும்பாலும் ஒன்றே. ஹைய் விவசாயியை விட ஆழமாகவே சிந்தித்திருக்கின்றான்.

இவ்விடத்தில் உமர் (ரழி) அவர்களை நினைவுகூர்வது பொருந்தும். ஹஜருல் அஸ்வதை முத்தமிட வந்த அவர்கள், அது தீங்கோ நன்மையோ செய்ய இயலாத ஒரு கல் என்பதைத் தாம் அறிவதாகவும், நபி (ஸல்) அவர்கள் அதனை முத்தமிடுவதைக் கண்டிராவிடில் தாமும் முத்தமிட்டிருக்கப் போவதில்லை என்றும் அக்கல்லை நோக்கிக் கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. கல்லைப் பற்றிய உமரின் (ரழி) அறிவுக்கும் ஒரு மெய்யியலாளனின் அறிவுக்கும் இடையில் எவ்வித முரண்பாடும் இல்லை. அவர்கள் அச்செயலுக்குத் தத்துவ விளக்கம் எதனையும் தேடவில்லை. கல் வானத்தின் குறியீடு என்றோ ஒருமைப்பாட்டின் சின்னம் என்றோ கூறவில்லை. காரணம் ஒரு மனிதரைச் சுட்டுவதாக இருந்தது: அவர் செய்தார், ஆகவே நான் செய்கின்றேன். ஹைய் பாறையைச் சுற்றியதற்குக் காரணம் அவனது சிந்தனைக்குள் இருந்தது. உமர் (ரழி) கல்லை முத்தமிட்டதற்குக் காரணம் அவர்களுக்கு வெளியே இருந்தது. மதத்தையும் மெய்யியலையும் பிரிக்கும் கோடு இங்குதான் ஓடுகின்றது என்று கருதுகின்றேன்.

இப்னு துபைலும் இக்கோட்டைக் கண்டிருக்கின்றார். ஹைய்யுக்கு ஏறத்தாழ ஐம்பது வயதாகும் வேளையில் அப்ஸால் என்பவர் அத்தீவை வந்தடைகின்றார். பண்டைய நபிமார்களுள் ஒருவரின் மார்க்கத்தைப் பின்பற்றும் அயல் தீவொன்றைச் சேர்ந்தவர் அவர். வேத வசனங்களின் உட்பொருளைத் தேடித் தனிமையை நாடியவர். தன் செல்வத்தில் ஒரு பகுதியைக் கப்பலுக்குக் கூலியாகக் கொடுத்துவிட்டு எஞ்சியதை ஏழைகளுக்குப் பங்கிட்டுவிட்டே புறப்பட்டிருந்தார். இருவரும் சந்தித்த வேளையில் நிகழும் ஒரு சிறு சம்பவத்தைப் பலரும் கதையின் அலங்காரமாகக் கருதிக் கடந்துவிடுவர். அப்ஸால் தன்னிடமிருந்த உணவை ஹைய்யின் முன் வைக்கின்றார். அதுவரை கண்டிராத பண்டம் அது. தனக்குத் தானே விதித்துக்கொண்ட உணவு ஒழுங்குகள் ஹைய்யின் நினைவுக்கு வருகின்றன; தயங்குகின்றான். அப்ஸால் விடாது வற்புறுத்துகின்றார். அவரது மனம் நோகுமே என்று எண்ணி ஹைய் உண்கின்றான். உண்டதும், தன் ஒழுங்கை மீறிவிட்டதற்காக வருந்துகின்றான். வாழ்வில் முதன்முறையாக வேறொருவருக்காக அவன் ஒன்றைச் செய்திருக்கின்றான். அதுவே அவனுக்குக் குற்றமாகவும் படுகின்றது. தனக்குத் தானே விதித்த சட்டத்தில் கடன் கொடுத்தவனும் பட்டவனும் ஒருவனே என்பதால், மற்றொரு மனிதனுக்கு அங்கே இடமில்லை.

மொழி கற்பிக்கப்பட்ட பின்னர், அப்ஸால் தன் சமூகத்தின் மார்க்கத்தை அவனுக்கு விளக்குகின்றார். இறைவன், வானவர், சுவர்க்கம், நரகம் பற்றிய செய்திகளைக் கேட்ட ஹைய், அவற்றில் தான் கண்ட உண்மைகளுக்கு மாறாக எதுவுமில்லை என்று உணர்கின்றான். ஆகவே இச்செய்தியைக் கொண்டுவந்தவர் உண்மையாளர், இறைவனால் அனுப்பப்பட்டவர் என்று ஏற்றுச் சான்று பகர்கின்றான். பின்னர் கடமைகள் யாவை என்று வினவுகின்றான். தொழுகை, ஸகாத், நோன்பு, ஹஜ் என்று அப்ஸால் எடுத்துரைக்கின்றார். ஹைய் அவற்றை ஏற்று நிறைவேற்றத் தொடங்குகின்றான். ஏன்? அவற்றின் பயனை அவன் நிறுவிக்கொண்டான் என்று ஆசிரியர் கூறவில்லை. கூறியவர் உண்மையாளர் என்று உறுதியாகிவிட்டது, ஆகவே அவரது கட்டளைக்குக் கீழ்ப்படிந்தான் என்றே கூறுகின்றார். நூலில் இது சில வரிகளே. ஆயினும் ஐம்பது ஆண்டுகாலத் தேடல் தராத ஒன்றை இவ்வரிகள் தருகின்றன. இறைவன் இருக்கின்றான் என்று அறிந்த நாளில் ஹைய் மெய்யியலாளனானான். பிறரொருவர் வாயிலாக வந்த கட்டளையைத் தன் மீது கடனாக ஏற்ற நாளில்தான் மார்க்கத்துக்குள் நுழைந்தான்.

கடன் என்ற சொல்லை இங்கு வேண்டுமென்றே பயன்படுத்துகின்றேன். ‘தீன்’ என்ற சொல்லையும் கடனைக் குறிக்கும் ‘தைன்’ என்ற சொல்லையும் அரபு அகராதியாளர்கள் ஒரே வேர்ச்சொல்லின் கீழ் வைத்து விளக்குகின்றனர். மெய்யியலைக் குறிக்கும் ‘ஃபல்ஸஃபா’வோ கிரேக்கத்திலிருந்து இரவல் பெறப்பட்டது, அறிவின் மீதான நேசம் என்பது அதன் பொருள். ஒன்றில் நேசம், மற்றொன்றில் கடன். தமிழிலும் ஃபர்ழைக் ‘கடமை’ என்றே அழைக்கின்றோம். அது ‘கடன்’ என்பதோடு உறவுடைய சொல் என்பதை நாம் நினைப்பதில்லை.

இவ்வளவு தெளிவாகக் கண்ட இப்னு துபைல், அடுத்த பக்கத்திலேயே தான் கண்டதை நழுவ விடுகின்றார். கடமைகளை ஏற்ற ஹைய்யுக்கு இரண்டு விடயங்கள் புதிராகத் தோன்றுகின்றன. மறுமையின் உண்மைகளை ஏன் நபி வெளிப்படையாகக் கூறாது உவமைகளில் கூறினார் என்பது ஒன்று. செல்வம் சேர்ப்பதற்கும் வயிறார உண்பதற்கும் ஏன் அனுமதியளித்தார் என்பது மற்றொன்று. ஸகாத், வாணிபம், வட்டி, குற்றவியல் தண்டனைகள் பற்றிய சட்டங்களெல்லாம் அவனுக்குத் தேவையற்றவையாகத் தெரிகின்றன. மனிதர்கள் உண்மையை உணர்ந்திருந்தால் செல்வத்தையே துறந்திருப்பார்களே, பிறகு அதற்கென்று சட்டம் எதற்கு என்று வியக்கின்றான். வழிதவறி வந்த ஒரு கப்பலில் ஏறி அப்ஸாலின் தீவுக்குச் செல்கின்றான்; அங்குள்ளோரில் சிறந்தவர்களுக்கு உட்பொருளைப் போதிக்கின்றான். அவர்கள் முகம் சுளிக்கின்றனர். இறுதியில், பெரும்பாலான மனிதர்களுக்கு இவ்வளவுதான் இயலும் என்ற முடிவுக்கு வந்து, அத்தீவின் தலைவரான ஸலாமானிடம் மன்னிப்புக் கோரி, ஷரீஅத்தின் வெளிப்படையான வரம்புகளைப் பற்றிப் பிடித்துக்கொள்ளுமாறு அவர்களுக்கு உபதேசித்துவிட்டு, அப்ஸாலோடு தன் தீவுக்கே திரும்பிவிடுகின்றான்.

சட்டம் பலவீனர்களுக்கான சலுகை என்பதே இங்கு எட்டப்படும் முடிவு. பாராபி பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டார். வட்டியைத் தடுப்பதும் அளவையில் நேர்மையைக் கோருவதும் ஆன்ம உயர்வுக்கு ஆற்றலற்றவர்களை அடக்கி வைக்கும் வேலிகள் என்றால், ஹைய் ஏற்றுக்கொண்ட ஸகாத் என்னவாயிற்று? சொத்து எதுவும் இல்லாத, வாங்குவதற்கு ஓர் ஏழையும் இல்லாத ஒரு தீவில் ஸகாத்தைக் கடமையாக ஏற்பது நூலாசிரியர் அறியாமலேயே நிகழ்ந்துவிட்ட ஒரு நகைச்சுவை. பசித்தவன் ஒருவன் முன்னே நிற்காதவரை அக்கடமைக்கு உருவமில்லை. ஸலாமானைப் பொதுவாக வாசகர்கள் உட்பொருள் அறியாத மேலோட்டமான மனிதராகவே கருதுகின்றனர். சமூகத்தோடு ஒட்டியிருப்பதே தீய ஊசலாட்டங்களிலிருந்து காக்கும் என்பது அவரது கருத்து. அவரது தரப்பு வாதத்தை நூல் விரிவாகக் கேட்பதே இல்லை. அப்ஸால் தன் செல்வத்தைப் பங்கிட்டாரே, அதைப் பெற்றுக்கொண்ட ஏழைகள் ஸலாமானின் தீவில்தான் இருந்தார்கள்.

இப்னு துபைலுக்கு ஸலாமானின் தரப்பிலிருந்து ஒரு பதில் நூறாண்டுகளுக்குள் எழுதப்பட்டது. இதயத்திலிருந்து நுரையீரல் வழியாக இரத்தம் செல்லும் பாதையை விளக்கியவராக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றிருக்கும் இப்னுன் நஃபீஸ் (மறைவு 1288) அதனை எழுதினார். அவர் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹ் அறிஞரும் ஆவார். ‘அர்-ரிஸாலா அல்-காமிலிய்யா’ என்ற அந்நூலிலும் தனித் தீவொன்றில் காமில் என்ற ஒருவன் வளர்கின்றான். அவனும் தன் அறிவினால் படைத்தவனை அறிகின்றான். பின்னர் ஒரு கப்பல் கரையொதுங்குகின்றது. வந்தவர்கள் அவனுக்கு ரொட்டியும் உடையும் தருகின்றனர். ஹைய்யைப் போல் இவன் வருந்தவில்லை. ரொட்டி விளைவதற்கும் சமைக்கப்படுவதற்கும் துணி நெய்யப்படுவதற்கும் எத்தனை கைகள் தேவை என்று சிந்திக்கின்றான். மனிதன் தனித்து நன்கு வாழ இயலாதவன். சேர்ந்து வாழ்ந்தால் கொடுக்கல் வாங்கலும் பிணக்கும் எழும். அவற்றுக்குச் சட்டம் வேண்டும். அனைவரும் கீழ்ப்படியும் சட்டம் இறைவனிடமிருந்து வர வேண்டும். ஆகவே நபி ஒருவர் வேண்டும் என்று அவனது சிந்தனை நகர்கின்றது. ஹைய் தேவையற்றது என்று ஒதுக்கிய சந்தைச் சட்டங்களிலிருந்தே இவன் நபித்துவத்தை வந்தடைகின்றான். ஒரு ஃபகீஹின் கண்ணும் ஒரு மருத்துவனின் கண்ணும் ஒருங்கே இதில் வேலை செய்திருக்கின்றன.

ஆயினும் இந்நூலிலும் ஒரு குறை உண்டு. இப்னுன் நஃபீஸ் நபி தேவை என்பதோடு நின்றுவிடவில்லை. இறுதி நபியின் வம்சம், வாழ்க்கை நிகழ்வுகள், அவருக்குப் பின்னர் அச்சமூகத்துக்கு நேரப்போவன வரை அனைத்தையும் காமிலின் அறிவே தர்க்கத்தால் வருவித்துவிடுகின்றது. நிறுவலின் முடிவாகக் கிடைக்கும் நபி நமக்குக் கட்டளையிட இயலாது. அவர் கூறப்போவதை நாம் முன்னரே கூறிவிட்டோம். உமர் (ரழி) அவர்களின் நிலை இங்கு அசாத்தியமாகிவிடுகின்றது. இப்னு துபைல் தவறவிட்ட சமூகத்தை இப்னுன் நஃபீஸ் மீட்டார். இப்னு துபைல் சில வரிகளில் பிடித்த கீழ்ப்படிதலை அவர் இழந்தார்.

இவ்விருவருக்கும் முன்னரே, இவ்விழப்பின் தன்மையை மிகக் கூர்மையாக உணர்ந்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஆவார். 1095இல் எழுதி முடித்த ‘தஹாஃபுத்’தில் மெய்யியலாளரின் இருபது கோட்பாடுகளை ஆராய்ந்து, மூன்றில் மட்டுமே அவர்கள் இஸ்லாத்தின் எல்லையைக் கடந்துவிட்டதாகத் தீர்ப்பளித்தார். உலகின் அநாதித் தன்மையும் உடல் எழுப்பப்படுவதை மறுப்பதும் அவற்றுள் இரண்டு. இறைவன் பொதுமைகளையே அறிவான், தனித்தனி நிகழ்வுகளை அவற்றுக்குரிய தனித்தன்மையில் அறியான் என்பது மற்றொன்று. இது வெறும் நுட்பமான விவாதம் போலத் தோன்றலாம். கஸ்ஸாலி எடுத்துக்காட்டுவதோ மிக எளிய ஒரு விளைவை: ஸைத் என்பவன் கீழ்ப்படிந்தாலும் மாறுசெய்தாலும் அத்தகைய இறைவனுக்கு அது தெரியாது. கொடுத்தவன் அறியாத கடனை அடைப்பது எங்ஙனம்? ஹைய் குகையில் கண்ட உள்ளமையை ஹைய் அறிகின்றான். அது ஹைய்யை அறிகின்றதா என்ற வினாவைத் தீவின் தனிமை எழுப்பவே இல்லை.

‘அல்-முன்கித்’தில் கஸ்ஸாலி சுபஹ் தொழுகையின் ரக்அத்துகள் ஏன் அஸரினதில் பாதி என்ற வினாவை எடுத்துக்கொள்கின்றார். மருந்தின் அளவை நோயாளி தன் அறிவால் கணிப்பதில்லை, மருத்துவரை நம்பி உட்கொள்கின்றான் என்பது அவர் தரும் ஒப்புவமை. ‘ஒரு நூலில் முடிச்சிடுவார், மற்றொன்றில் அவிழ்ப்பார்’ என்ற பொருளில் இப்னு துபைல் தன் முன்னுரையில் கஸ்ஸாலியைக் குறைகூறுகின்றார். அக்குற்றச்சாட்டில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் ரக்அத்துகளின் எண்ணிக்கை பற்றிய இப்பகுதியை அவர் சற்று நிதானித்திருந்தால், தன் கதாநாயகனை வேறு விதமாக முடித்திருப்பார் என்று எண்ணத் தோன்றுகின்றது.

இது பழைய நூல்களோடு முடிந்துவிட்ட விவகாரமன்று. தொழுகை சிறந்த உடற்பயிற்சி, நோன்பு செரிமான உறுப்புகளுக்கு ஓய்வு, வுழூ நோய்த்தடுப்பு என்று விளக்கும் நூல்கள் நம்மிடையே ஏராளம். நல்லெண்ணத்தோடுதான் எழுதப்படுகின்றன. உடற்பயிற்சியே நோக்கமெனின் தொழுகையை விடச் சிறந்த உடற்பயிற்சிகள் பல உள்ளன என்று ஒரு மாணவன் எழுந்து கூறினால், இந்நூல்களிடம் பதிலில்லை. மறுபுறத்தில், சாரத்தை ஏற்கின்றேன், சடங்குகள் எனக்குத் தேவையில்லை என்று கூறும் படித்த இளைஞர்களும் பெருகியுள்ளனர். இரு சாராரும் எதிரெதிர்த் துருவங்களாகத் தோன்றினாலும் ஒரே அடிப்படையில் நிற்கின்றனர். செயல் ஓர் உறை, அதன் பயனோ கருத்தோதான் பருப்பு என்பது இருவருக்கும் பொது. முன்னவர் உறையைப் பாதுகாக்கின்றனர், பின்னவர் எறிந்துவிடுகின்றனர்.

அப்படியாயின் பகுத்தறிவுக்கு இடமில்லையா என்று வினவலாம். ஹைய்யின் கதையே இதற்குப் போதிய பதில். கூறியவர் உண்மையாளர்தானா என்பதை அவன் தன் அறிவால் சோதித்துத்தான் ஏற்றான். முன்னோரைப் பார்த்துக் கண்மூடி ஏற்றவனின் ஈமான் செல்லுமா என்பதையே நமது கலாம் அறிஞர்கள் ஒரு பிரச்சினையாக எடுத்து விவாதித்திருக்கின்றனர். அறிவு வாசல் வரை அழைத்து வருகின்றது. உள்ளே செல்வது வேறொரு செயல்.

நமது மரபுக்கு வெளியிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. பிரெஞ்சு மெய்யியலாளர் ஓகுஸ்த் கொம்த், இறைவனற்ற ஒரு ‘மனிதகுல மதத்தை’ நிறுவ முனைந்து, 13 மாதங்கள் கொண்ட நாட்காட்டி ஒன்றையும் 1849இல் வெளியிட்டார். திருநாட்கள், குருமார், வழிபாடு என எதையும் விட்டுவைக்கவில்லை. தானே இயற்றிய விதியைத் தானே ஏற்கும் ஹைய்யின் பாறை வலம்தான் அதுவும். அவருக்குப் பின்னர் சிறு குழுக்களுக்கு அப்பால் அது வளரவில்லை. இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு டாக்டர் அம்பேத்கர். கொலம்பியாவில் ஜான் டூயியிடம் மெய்யியல் கற்ற அவர், பௌத்தத்தைப் பகுத்தறிவு நோக்கில் நெடுங்காலம் ஆராய்ந்தார். ஏற்க முடியாதவற்றை மறுத்தும் எழுதினார். கருத்தளவில் ஏற்பதற்கு அவரது நூலகமே போதுமானதாக இருந்தது. எனினும் 1956 ஒக்டோபர் 14ஆம் திகதி நாக்பூரில் ஒரு முதிய பிக்குவின் முன் நின்று சரணங்களை அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார். பின்னர் திரண்டிருந்த இலட்சக்கணக்கானோருக்கு 22 உறுதிமொழிகளைச் சொல்லிக் கொடுத்தார். கட்டளையிடும் இறைவன் அங்கில்லை. அவ்வகையில் அது நமது தீனிலிருந்து வேறுபட்டது. ஆனால் தான் இயற்றாத ஒரு சொல்லால், பலரோடு சேர்ந்து, தன்னைக் கட்டிக்கொள்வது அங்கும் நிகழ்ந்தது. அந்நாளுக்கு முன்னர் பௌத்தம் அவருக்கு ஒரு மெய்யியலாக இருந்தது என்று கூறினால் தவறாகாது.

மீண்டும் ஹைய்யின் தீவு. அப்ஸாலும் அவனும் தம் இறுதி மூச்சு வரை அங்கு வணக்கத்தில் திளைத்திருந்தனர் என்று கதை முடிகின்றது. இருவர் இருப்பதால் ஜமாஅத்தாகத் தொழுதிருக்கலாம். ஜும்ஆ இயலாது, நமது ஷாஃபிஈ மத்ஹபின்படி அதற்கு நாற்பது பேர் வேண்டும், ஏனைய மத்ஹபுகளின் குறைந்த எண்ணிக்கைக்கும் அத்தீவில் ஆளில்லை. ஸகாத்தைப் பெற்றுக்கொள்ள எவருமில்லை. ஜனாஸாத் தொழுகையோ, இருவரில் முந்தி இறப்பவருக்கு மட்டுமே கிட்டும். தன் கதாநாயகனை இவ்வாறு அனுப்பிவைத்த ஆசிரியர் எத்தீவுக்கும் சென்றவரல்லர். ஆட்சியாளரின் அவையிலும் நோயாளிகளின் மத்தியிலுமாக மர்ராகுஷின் சந்தடியில் வாழ்ந்து அங்கேயே மரணித்தார்.